அணங்கும் தாயத்தாரும்: 'நடு இரவில்' திரைப்படமும் தமிழர் அச்ச மரபும்

முன்னுரை

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு பொருள்பற்றிப் பிறக்கும் என வரையறுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்கு. சங்கப் பாடல்களிலும் காப்பியங்களிலும் இவ்வச்சம் பயிலுமாற்றை நம் பேராசிரியர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆயின், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்மக்கள் அச்சச் சுவையைப் பெரிதும் துய்த்தது ஏட்டிலன்று. இருண்ட கொட்டகையின் வெண்திரையிலேயே. அத்திரையை இவ்விலக்கணங்கொண்டு அளந்து பார்த்தல் தகும்.

வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் ஆக்கிய 'நடு இரவில்' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை அம்முயற்சியில் இறங்குகிறது. 1960களின் திகில் படங்களில் அச்சம் அணங்கினின்று நீங்கிக் கள்வரிடம் சென்று சேர்ந்தது. அக்கள்வரும் சுவரேறிக் குதித்து வரும் அயலார் அல்லர், ஒரு வீட்டில் உடனுண்டு உறங்கும் தாயத்தாரே என்பது ஈண்டு நிறுவப்படும் கருத்து. இம்மாற்றத்தால் நாம் பெற்றது ஒன்று. இழந்ததும் ஒன்று உண்டு. இரண்டனையும் முறையே காண்பாம்.

1. பழைய பேயும் அதன் இருப்பிடமும்

பழந்தமிழ் இலக்கியத்தில் பேய்க்கு இடம் வரையறுக்கப்பட்டிருந்தது. புறநானூற்றில் பேய்மகளிர் போர்க்களத்தே திரிவர். காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களில் பேய்க்கூட்டம் சுடுகாட்டில் வாழும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குப் பாலை நிலத்துக் காளி கோயிலை உறைவிடமாக்கினார். களம், காடு, பாலை ஆகிய இம்மூன்றும் மனையின் எல்லைக்குப் புறம்பானவை. மனையகத்தே இருப்போர்க்குப் பேயச்சம் இல்லை. எல்லை கடந்து சென்றோரையே அது பற்றும்.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் வரும் சார்ங்கலன் கதை இதற்குத் தக்க சான்று. தனியனாய்ச் சுடுகாட்டினுள் புகுந்த அவ்விளைஞன், தலையொன்றைக் கையிலேந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு நடுங்கித் தாயிடம் ஓடிவந்து உயிர்விட்டான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்தினிடம் முறையிட்டாள். தெய்வம் கூறிய விடையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அணங்கோ பேயோ எவருயிரையும் உண்பதில்லை. மைந்தனது பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவனுயிரைக் கொண்டது என்பது அவ்விடை.

பேயைக் காட்டி அஞ்சுவித்து, பின்னர் அதற்குக் காரணம் வேறென விளக்கும் கதைமுறை மேனாட்டாரிடமிருந்து வந்த புதுவழக்கு என்பார் உளர். முழுதும் அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது என்பதற்குச் சாத்தனார் நூலே கரியாகும். வேறுபாடு விளக்கத்தின் முடிவில் நிற்கும் காரணத்திலேயே உளது. சாத்தனார் பேயை நீக்கிய இடத்தில் ஊழை வைத்தார். திரைப்படம் செய்தோர் அவ்விடத்தில் வைத்தது சொத்தாசையை.

2. வழக்காட வந்த நீலி

மனைக்குப் புறம்பே நின்ற பேய் மனையறத்தின் நடுவே வந்து நின்ற கதை பழையனூர் நீலியின் கதை. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் ஆகிய ஊர்களைக் கடந்து திருவாலங்காட்டை அணுகுகிறது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையாக 1856 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வழி இதுவே. அவ்வாலங்காட்டை அடுத்த பழையனூரிலேதான் நீலி வழக்குரைத்தாள் என்பர்.

கணவனால் கொலையுண்ட பெண்ணொருத்தி, மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவியின் வடிவுகொண்டு ஊர் வேளாளர் எழுபதின்மர் முன் நிற்கிறாள். தன் கணவன் தன்னைக் கைவிட்டான் என அழுது முறையிடுகிறாள். வணிகனோ, 'இவள் மனைவி அல்லள், பேய்' என்கிறான். அவையத்தார் பெண்ணின் சொல்லை நம்பி, வணிகன் காப்பாக வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, அவனுயிர்க்குத் தாமே பிணை நின்று, இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமானான். சொல் தவறாத வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இந்நிகழ்ச்சி குறிக்கப்படுதலின் கதையின் பழமை புலனாகும்.

இக்கதையில் அச்சம் தருவது பேயின் கோர வடிவன்று. அது மனைவிபோலவே இருக்கிறது என்பதுதான் அச்சம். மேலும், நீலிக்குத் தனக்கென ஒரு வழக்கு உண்டு. அவள் கூறிய சான்று பொய். ஆயின் அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கு மெய். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்ததில்தான் இக்கதையின் ஆற்றல் இருக்கிறது.

இந்நீலியையே சமணப் புலவர் நீலகேசிக் காப்பியத்தின் தலைவியாக்கினார். சுடலையில் நோற்கும் முனிச்சந்திர முனிவரை அஞ்சுவிக்க அரசமகள் வடிவில் வந்த நீலி, தன் சூழ்ச்சி அவர் அறிவின்முன் பலிக்கக் காணாது, அவர்க்கே மாணவியாகிப் பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். ஆகவே, தமிழில் நீலியர் இருவர் எனலாம். ஒருத்தி அச்சத்தால் வென்றவள். மற்றவள் அறிவுக்குப் பணிந்து அறிவாலே வென்றவள். பின்வந்த திகில் படங்கள் இவ்விருவர்க்கும் இடைப்பட்ட நிலத்தில் நிற்பவை.

3. பாலச்சந்தர் கண்ட வழி

எஸ். பாலச்சந்தர் 1927 ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர். 1934 இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் சிறுவராகத் தோன்றினார். அப்படத்தில் இராமனாக நடித்த எஸ். ராஜம் அவர்தம் தமையனார். வீணையிசையில் உலகப்புகழ் எய்தி, 1982 இல் பத்மபூஷண் விருது பெற்று, 1990 இல் மறைந்தார். இசையுலகம் அவரை மறக்கவில்லை. திரைப்பட நெறியாளராக அவர் செய்த பணியோ போதிய அளவு ஆராயப்படவில்லை.

1954 இல் ஏவி.எம். நிறுவனத்தார்க்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' பாடலும் ஆடலும் இன்றி வெளிவந்த படம். பாட்டுக்காகவே படம் பார்க்கும் வழக்கம் வேரூன்றிய காலத்தில், இசைவாணர் ஒருவரே பாட்டை விலக்கினார் என்பது எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப்போரில் 1943 ஆம் ஆண்டு சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசியதை அடுத்து ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவர் யார் எனத் துப்பறிவோர் வினவ, ஒவ்வொருவரும் தாம் கண்டவாறு கூறுகின்றனர். ஐயத்திற்குரியார் வரிசையில் அயல்வீட்டுக்காரர் ஒருவர் நீங்கலாக ஏனையோர் யாவர்? தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி. சொத்தைப் பிரித்துத் தரக் கேட்கும் தம்பியின் பூசலும் ஆங்கே உண்டு. குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) படத்தினின்று கதை கூறும் முறையைப் பெற்றபோதும், காட்டுவழியில் நிகழ்ந்த கொலையைத் தமிழ்ப்படம் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

பின்னர்த் தாமே ஆக்கி இயக்கிய படங்களில் பாலச்சந்தர் இவ்வழியிலேயே நடந்தார். 1962 இல் 'அவனா இவன்' வந்தது. 1964 இல் 'பொம்மை' வந்தது. பின்னதில் வெடிகுண்டு ஒன்று நடக்கும் பொம்மையினுள் வைக்கப்பட்டு, கைம்மாறிச் சென்னை நகரெங்கும் திரிகிறது. குழந்தை மகிழ்ந்து அணைக்கும் விளையாட்டுப் பொருளே கூற்றுவனாக அமைந்தது காண்க. அணங்கு ஏதுமின்றி, மனையிலுள்ள பொருளாலேயே அச்சத்தை எழுப்புதல் அவர்தம் முறை.

4. 'நடு இரவில்'

இம்முறையின் முடிந்த முடிபு 'நடு இரவில்'. 1960களின் நடுப்பகுதியில் உருவாகிய இப்படம், எடுத்து வெளியிடும் விநியோகத்தார் முன்வராமையால் நெடுநாள் கிடந்து, 1970 இல் வெளிவந்தது. பாலச்சந்தரே ஆக்கியோர், இயக்குநர், இசையமைப்பாளர். மருத்துவர் வேடத்தில் நடித்தவரும் அவரே. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி முதலியோர் உடன்நடித்தனர். காதல் தலைவனாக மக்கள் போற்றிய நடிகர் எவரும் இல்லை; பாடல்கள் மிகச் சில. வண்ணமும் இல்லை. 1956 இலேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுவண்ணத்தில் வந்துவிட்டது. 1964 இல் 'காதலிக்க நேரமில்லை', 'கர்ணன்' ஆகியனவும் வண்ணத்தில் வந்தன. ஆதலின், கறுப்பு வெள்ளை என்பது சிறுமுதலுடையார்க்குரிய நிலையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

செல்வர் தயானந்தம் தீவிலுள்ள மாளிகையொன்றில் மனநலம் குன்றிய மனைவி பொன்னியுடன் வாழ்கிறார். அவர் நெடுநாள் உயிர்வாழார் எனத் தெரியவரும் நிலையில் உறவினர் அம்மாளிகையில் வந்து கூடுகின்றனர். அன்பால் வந்தவர் அரியர். பொருள் கருதி வந்தவரே பலர். இரவுதோறும் கொலை நிகழ்கிறது. ஒருவர்பின் ஒருவராக மாள்கின்றனர். எஞ்சியோர் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். கொன்றவர் யார் என்பதை ஈண்டு உரைத்தல் முறையன்று; இவ்வகைப் படங்கள் காண்போருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. நம் ஆராய்ச்சிக்கும் விடையைவிட வினாவே இன்றியமையாதது.

இக்கதை அகதா கிறிஸ்டி 1939 இல் வெளியிட்ட ஆங்கில நாவலைத் தழுவியது. அந்நாவலிலும் ஒரு தீவு, ஒரு மாளிகை, தொடர்கொலைகள். ஆயின் ஆங்கே வந்து கூடும் பதின்மர் உறவினர் அல்லர். பெரும்பாலோர் ஒருவரையொருவர் முன்பின் அறியாதார். ஒவ்வொருவரும் சட்டத்தின் கையில் அகப்படாத பழங்குற்றம் ஒன்றை உடையவர் என்பதே அவர்களைப் பிணைக்கும் கயிறு. இதே கருவைக் கொண்டு 1965 இல் வந்த 'கும்நாம்' என்னும் இந்தி வண்ணப்படத்திலும், பரிசாகக் கிடைத்த வானூர்திப் பயணத்தில் ஒன்றுசேர்ந்த அயலாரே மாள்கின்றனர்.

தமிழ்ப்படம் ஒன்றே அவ்வயலாரை உறவினர் ஆக்கியது. சிறுமாற்றம் போலத் தோன்றும் இதுவே கதையின் பொருளை அடியோடு மாற்றிவிட்டது. கிறிஸ்டியின் நாவலில் ஒருவர் ஏன் சாகிறார் என்னும் வினாவிற்கு, 'முன்னர்க் குற்றம் செய்தார்' என்பது விடை. 'நடு இரவில்' படத்தில் ஒருவர் சாகும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழும் வினா வேறு: இவர் இறந்தால் யார்க்குப் பங்கு மிகும்? அச்சம் இங்கே கணக்காக மாறிவிடுகிறது. பழைய மாளிகையும், நீண்ட நிழலும், படிக்கட்டில் கேட்கும் காலடியும் பேயின் உடைமைகளாகவே திரையில் தோன்றுகின்றன. ஆயின் உள்ளே இருப்பது பாகப்பிரிவினை வழக்கு.

பொருள்வசதி குன்றியமை படத்திற்கு ஒருவாற்றான் நலமே செய்தது. வண்ணம் இல்லாமையால் இருளும் ஒளியும் மட்டுமே எஞ்சின. ஒரு முகத்தின் பாதி நிழலில் மறைய, அம்முகத்திற்குரியவரை நம்பலாமா என்னும் ஐயம் சொல்லின்றியே பிறக்கிறது. பெயர்பெற்ற தலைவன் இல்லாமையால், 'இவர் சாகமாட்டார்' என்னும் துணிவும் காண்போர்க்கு இல்லை. பெருநடிகர் ஒருவர் இருந்திருப்பின் அவர் உயிர்க்குக் கேடில்லை என்பதைச் சுவரொட்டியே உரைத்திருக்கும்.

5. உடன்தோன்றிய இரு படங்கள்

இம்மாற்றம் ஒருவர் படத்தோடு நின்றதன்று. 1966 இல் சத்யம் இயக்க, பி. எஸ். வீரப்பா வெளியிட்ட 'யார் நீ?' இவ்வகையில் எண்ணத்தக்கது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த இப்படம், ராஜ் கோஸ்லா 1964 இல் இயக்கிய 'வோ கௌன் தீ' என்னும் இந்திப்படத்தின் தழுவல். மழையிரவில் வெள்ளாடை உடுத்த பெண் ஒருத்தி மருத்துவன் முன் தோன்றுகிறாள். பின்னர் அவள் போன்ற உருவினளே அவனுக்கு மனைவியாக வாய்க்கிறாள். மனைவியா, பேயா என்னும் ஐயம் பழையனூர் வணிகனது ஐயத்தையே நினைவூட்டும். முடிவில் பேய் இல்லை. ஒத்த வடிவுடைய இரட்டையரில் ஒருத்தியை ஏவிப் பேய்க்கூத்து ஆடுவித்தவன் தாயத்தான். மருத்துவன் பித்தன் எனப்பட்டால் செல்வம் அவனைச் சேராது தனக்கு வரும் என்பது அவன் எண்ணம். அணங்கில் தொடங்கிய அச்சம் கள்வரில் முடிந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1963 இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' இதற்கு மாறாக நிற்பது. ஆங்கே முற்பிறப்பு நினைவு மெய்யென்றே கொள்ளப்படுகிறது, விளக்கத்தால் கலைக்கப்படவில்லை. ஏழைப்பெண்ணைக் காதலித்த மைந்தனைப் பகைத்த ஜமீன்தார், 109 வயது முதியவராகிய பின்னும், மறுபிறப்பெடுத்த காதலரை விடாது தொடர்கிறார். நம்பியார் ஏற்ற அவ்வேடமும் வின்சென்டின் ஒளிப்பதிவும் இன்றும் பேசப்படுவன. இவ்வச்சம் தொல்காப்பியர் நான்காவதாக வைத்த 'தம் இறை' என்பதன்பாற் படும். தந்தையும் தலைவனும் ஒருவனேயாக, அவன் சினமே இருபிறப்பையும் எரிக்கிறது. இங்கும் அச்சத்தின் ஊற்று வெளியே இல்லை; குடும்பத்தின் தலையிடத்திலேயே உளது.

6. உயில் என்னும் ஓலை

தாயத்தார் மீதுள்ள அச்சம் இக்காலத்தே திரையில் மிக்குத் தோன்றியதற்குக் காரணம் யாது? ஒன்றே காரணம் எனத் துணிதல் அரிது. ஆயினும் 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாம் மறந்துவிடலாகாது. உயில் எழுதாது இறந்தவனுடைய சொத்தில் மகனோடு மகளும், மனைவியும், தாயும் ஒத்த முதல்வகை உரிமையாளர் ஆயினர். கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவன் தனக்குரிய பங்கை உயிலால் வேறொருவர்க்கு வழங்கவும் அச்சட்டம் இடமளித்தது. பிறப்பினால் உறுதியாக வருவதாயிருந்த பங்கு, ஒருவனது கையெழுத்தால் மாறக்கூடியது ஆயிற்று. உயில் எழுதுவோனை உறவினர் சூழ்ந்து நிற்பதும், எழுதுவோன் உறவினரை அஞ்சுவதும் அதன் விளைவாக எண்ணத்தக்கவை. சாகுந்தறுவாயிலுள்ள செல்வரும் அவரைச் சூழ்ந்த சுற்றமும் என்னும் 'நடு இரவில்' அமைப்பு இந்நிலையின் வடிவமே.

நாட்டுப்புறமும் அவ்வாண்டுகளில் மாறியது. நீலியின் ஊருக்குச் செல்லும் அதே இருப்புப்பாதை ஓரத்தில், ஆவடியில் 1960களின் தொடக்கத்தில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965 இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அக்காலத்ததே. பிறந்த ஊரில் நிலமும் பங்காளிகளும் இருக்க, மாதச் சம்பளத்தை நாடிப் புறநகரில் குடியேறிய குடும்பங்கள் பெருகின. ஊரிலுள்ள பங்கு என்னவாயிற்றோ என்னும் கவலை இக்குடும்பங்கட்குப் புதிதன்று. இவர்போன்றோர்க்குத் திரையில் தோன்றிய தாயத்தான் பேயினும் அண்மையில் நின்றான் எனக் கருதுவதற்கு இடமுண்டு.

7. பெற்றதும் இழந்ததும்

பேய் நீங்கியதால் பெற்றது அறிவுத் தெளிவு. நிழலைக் கண்டு நடுங்கியவன் விளக்கேற்றி நோக்க, மனிதன் ஒருவன் நிற்கக் காண்கிறான். முனிச்சந்திரர் நீலியை வென்ற வெற்றி இது. பகுத்தறிவுப் பேச்சு மேடைதோறும் ஒலித்த காலத்தில், கொட்டகையில் இருந்தோர்க்கும் இம்முடிவு உவப்பாகவே இருந்திருக்கும்.

இழந்ததோ எளிதிற் புலப்படாதது. நீலி தன் வழக்கைத் தானே உரைத்தாள். கொலையுண்ட பெண்ணின் துயரை ஊரவையில் எடுத்துரைக்க, பேய்வடிவு ஒன்றே அவளுக்குக் கிடைத்த வாய். 'யார் நீ?' படத்தில் பேயாக வரும் பெண்ணுக்குத் தன் வழக்கு என ஒன்றில்லை. இரண்டு ஆடவரின் சொத்து வழக்கில் அவள் ஒரு கருவி. மனைவியாயிருப்பவளோ, பேயெனக் கணவனாலேயே ஐயுறப்பட்டு ஒதுக்கப்படுகிறாள். விளக்கம் வந்தபோது பேய் மறைந்தது. பேயோடு சேர்ந்து பெண்ணின் முறையீடும் மறைந்தது. அறிவு வென்ற இடத்தில் அறம் வாய்மூடி நிற்றல் தக்கதன்று.

இவ்வகையில் 'நடு இரவில்' ஏனைய படங்களினும் ஒருபடி மேலானது எனலாம். ஒருவரும் பொருட்படுத்தாத பொன்னி அம்மாளிகையின் நடுவே இருக்கிறாள். பித்துற்றவள் என்று உறவினர் அவளைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. படமோ அவளைக் காண்போரின் கண்ணிலிருந்து மறைப்பதில்லை. பண்டரிபாயின் முகத்தில் ஒளி விழும்போதெல்லாம், பங்கு கேட்க வந்தோரின் கணக்கில் விடுபட்ட ஒருத்தி உண்டு என்பதை நாம் நினைவுகூர்கிறோம். பேயில்லாத படத்திலும் நீலியின் நிழல் முற்றும் அகலவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

தொல்காப்பியர் கூறிய நான்கும் இன்றும் செல்லும். ஆயினும் கள்வரைப் புறத்தே வைத்து எண்ணிய நாம், அவரை அகத்தே வைத்து எண்ணுமாறு 1960களின் சிறுமுதற் படங்கள் செய்தன. கிறிஸ்டியின் அயலாரைப் பாலச்சந்தர் உறவினராக்கிய அவ்வொரு மாற்றம், தமிழர் அச்சத்தின் இருப்பிடம் எது என்பதைப் பல நூல்களினும் தெளிவாகக் காட்டுகிறது.

இத்தகைய சான்றுகள் நம் கைவிட்டுப் போதலும் கூடும். 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தின் படி இன்று கிடைப்பதில்லை. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964 இல்தான் தோன்றியது. அதற்கு முன்னரே சுருள்கள் பல அழிந்தன. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்று, 1898 இல் மணிமேகலையைப் பதிப்பித்தார் சாமிநாதையர். அதனாலன்றோ கோதமைக்குச் சம்பாபதி கூறிய விடையை நாம் இன்று அறிகிறோம்! வாங்குவாரின்றி நெடுநாள் கிடந்த படமொன்றும் அவ்வாறே ஓர் ஏடு. அதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடாது, காட்சிதோறும் படித்துக் குறிப்பெழுதி வைத்தல் தமிழ்த்துறைகளின் கடனாகும்.